கரிசல் காட்டிலிருந்து தார்நாக்கா வரை

இளையரசனேந்தலில் ரயில் நிலையம் கிடையாது. ஆனால் ஊருக்கு இரண்டு பக்கமும் ரயில் ஓடுகிறது. கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கோவில்பட்டி. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் திறந்த பாதை அது. மேற்கே இன்னும் தள்ளிச் சங்கரன்கோவில். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-ல் வந்த பாதை. நடுவில் கரிசல் காடு. அரசாங்கக் கணக்கிலும் இந்தப் பழைய ஜமீன் ஊர் இடையில்தான் நின்றது. சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இளையரசனேந்தல் பிர்காவை 2008-ல் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்த்தார்கள். ஊராட்சி நிர்வாகம் மட்டும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே தங்கிவிட்டது. தாலுகா ஆபீசுக்கு ஒரு திசை, யூனியன் ஆபீசுக்கு ஒரு திசை என்று மக்கள் பல ஆண்டுகள் அலைந்தார்கள்.

இந்த ஊரில் பிறந்து, எஞ்சினியரிங் முடித்து, ரயில்வேயின் சிக்னல் பிரிவில் வேலை கிடைக்கப்பெற்ற ஒருவர் எப்படியும் ஒருநாள் செகந்திராபாத்துக்கு மூட்டை கட்ட வேண்டும். இந்திய ரயில்வே சிக்னல் பொறியியல் மற்றும் தொலைத்தொடர்புக் கழகம் அங்கே தார்நாக்காவில் இருக்கிறது. துறைக்காரர்கள் வாயில் அது ‘இரிசெட்’. யூபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணித் தேர்வு வழியாக அதிகாரியாக வந்தவரும், ரயில்வே தேர்வு வாரியத்தின் வழியாக ஜூனியர் எஞ்சினியராக வந்தவரும் அந்த வகுப்பறைகளைத் தாண்டித்தான் பாதைக்கு வருகிறார்கள். கரிசலிலிருந்து அங்கே போகும் வழியே ஒரு பாடப் புத்தகம். அந்த வழியில் ஒருமுறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போனால், ரயில் பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை சாவுகளும் எத்தனை பேருடைய தூக்கமில்லாத இரவுகளும் இருக்கின்றன என்பது புரியும்.

முதல் பாடம் ரயில் ஏறும் முன்பே வந்துவிடுகிறது. இளையரசனேந்தலிலிருந்து வரும் பஸ் கோவில்பட்டிக்குள் நுழைகிற இடத்தில், சாலை தண்டவாளத்துக்கு அடியில் இறங்கி ஏறுகிறது. ஊர்க்காரர்கள் அதை ‘இளையரசனேந்தல் ரோடு சுரங்கப்பாதை’ என்கிறார்கள். மழைக்காலத்தில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்குவதும் ஜனங்கள் திட்டுவதும் தமிழ்நாடு முழுக்க உள்ள கதை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்திக்காமல் செய்வதைவிடப் பெரிய பாதுகாப்பு எதையும் எந்தச் சிக்னல் பொறியாளராலும் தர முடியாது. சந்திக்கும் இடத்தில் கேட் வேண்டும். கேட்டுக்கு ஆள் வேண்டும். ஆளுக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் நடுவே ஒரு போன் வேண்டும். அந்தப் போன் பேச்சில் எத்தனை உயிர் தொங்குகிறது என்பதை விழுப்புரம் தாண்டிப் பார்ப்போம்.

கோவில்பட்டி நிலையத்தில் காலை நேரத்தில் குருவாயூரிலிருந்து எழும்பூர் போகும் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். கடலை மிட்டாய் பாக்கெட்டுகளோடு ஆட்கள் ஏறுவார்கள். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய் அது. வண்டி வருவதற்குள் பிளாட்பாரத்தின் முனைக்கு நடந்து போய்த் தண்டவாளத்தைப் பார்க்கலாம். ஓரிடத்தில் இரண்டு தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே மின்சாரம் கடக்காதபடி ஒரு தடுப்பு இருக்கும். பக்கத்தில் தண்டவாளத்தோடு பற்றவைத்த கம்பிகள் ஒரு சிறு பெட்டிக்குள் போகும். இதுதான் டிராக் சர்க்யூட். ஒரு முனையில் மின்சாரத்தைத் தண்டவாளம் வழியே அனுப்புகிறார்கள். மறுமுனையில் ஒரு ரிலே அதை வாங்கி, தன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ரயில் வந்து ஏறினால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிட, ரிலேயின் கை கீழே விழும். சிக்னல் சிவப்பாகும்.

இதில் அழகு எங்கே இருக்கிறது என்றால், பேட்டரி செத்தாலும் கை விழும், கம்பி அறுந்தாலும் விழும், தண்டவாளம் விண்டு போனாலும் பெரும்பாலும் விழும். கெட்டுப்போனால் சிவப்பு. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872-ல் கண்ட வழி இது. ரிலேயின் கை விழுவதற்கு ஸ்பிரிங்கைக்கூட முழுசாக நம்பாமல், புவியீர்ப்பை நம்பி வடிவமைத்தார்கள். ஸ்பிரிங் களைத்துப் போகலாம், பூமி களைக்காது. பழைய கைகாட்டி மரத்திலும் இதே எண்ணம்தான். இழுக்கும் கம்பி அறுந்தால், எடைக்கட்டியின் பாரத்தில் கை தானாகக் கிடைமட்டத்துக்கு வந்து ‘நில்’ என்று சொல்லும்.

சாத்தூர் தாண்டும்போது இரு பக்கமும் கரிசல் விரிகிறது. இந்த மண்ணைச் சிக்னல்காரர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும் மண் இது. ஜல்லிக்குள் சேறும் தண்ணீரும் ஏறினால் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் கசியும். ரயிலே இல்லாத இடத்தில் ரயில் நிற்பதாக ரிலே விழுந்துவிடும். நடுராத்திரி ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து போன் வரும்: “சார், மூணாவது டிராக் விழுந்திடுச்சு, வண்டி ஹோம் சிக்னல்ல நிக்குது.” டார்ச்சும் மீட்டரும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். எலி கேபிளைக் கடித்திருக்கும். மின்னல் இறங்கியிருக்கும். சாலை வேலைக்கு வந்த ஜேசிபி கேபிளை அள்ளிக்கொண்டு போயிருக்கும். வண்டியில் இருக்கும் ஆயிரம் பேரும் ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிவப்பு ஒரு கருவி சரியாக வேலை செய்ததன் அடையாளம் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

விருதுநகரில் சங்கரன்கோவில் பக்கமிருந்து வரும் பாதை வந்து சேர்கிறது. மதுரைக்குத் தெற்கே இப்போது இரட்டைப் பாதை. ஒற்றைப் பாதைக் காலத்தில், எதிரெதிரே இரண்டு வண்டிகள் கிளம்பிவிடாமல் காத்தது டோக்கன். பிரம்பு வளையத்தில் தொங்கும் பைக்குள் ஒரு இரும்பு உருண்டை. ஸ்டேஷன் ஊழியர் நீட்ட, ஓடும் எஞ்சினிலிருந்து கையை விட்டு வாங்கிக்கொள்ளும் காட்சியைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரு நிலையங்களின் கருவிகளும் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு உருண்டை வெளியே போய்விட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை இரண்டாவது உருண்டை வராது. இங்கிலாந்தில் 1874-ல் தோர்ப் என்ற இடத்தில் தந்திக் குழப்பத்தால் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதிய பிறகு, எட்வர்டு டையர் என்பவர் உருவாக்கிய கருவியின் வம்சம் அது.

மதுரையில் ராமேசுவரம் பாதை கிழக்கே பிரிகிறது. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் வண்டி அந்தப் பாதையின் கடைசியில் புயல் அலையில் மூழ்கியது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. தனுஷ்கோடிக்கு வெளியே சிக்னலில் வெளிச்சம் இல்லை, சற்று நேரம் காத்திருந்த ஓட்டுநர் நீளமாக விசிலடித்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்பது இன்றைக்கும் சொல்லப்பட்டு வரும் செய்தி. அந்த இருட்டில், கடல் எங்கே முடிகிறது என்று அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. பிற்பாடு பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியை வைத்து அதைச் சிக்னலோடு பிணைத்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போகும், வண்டி பாலத்தில் ஏறாது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் முன்பு பல தலைமுறைகளாக அந்தப் பாலத்தில் போனவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒரு பெரும் சாவிலிருந்து கற்றுக்கொண்டு, கடற்காற்றையே சிக்னலுக்குள் இழுத்துவந்த பொறியாளர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

திண்டுக்கல் வந்ததும் பூட்டு நினைவுக்கு வரும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றவை இங்கத்திய கைவேலைப் பூட்டுகள். இன்டர்லாக்கிங் என்று சிக்னல் துறை சொல்வதை விளக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டுக்குள் மாட்டியிருக்கிறது, அதைத் திறந்தால்தான் இது கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலுக்கும் பாயிண்டுக்கும் கேட்டுக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது. வண்டியை மெயின் லைனிலிருந்து லூப் லைனுக்குத் திருப்புகிற நகரும் தண்டவாளம்தான் பாயிண்ட். அது சரியான பக்கம் திரும்பி, ஒட்டி, பூட்டிக்கொண்டது என்று உறுதியானால்தான் சிக்னல் பச்சையாகும். பச்சை விழுந்த பிறகு பாயிண்ட்டை அசைக்க முடியாது. 1856-ல் ஜான் சாக்ஸ்பி காப்புரிமை வாங்கியபோது இது நெம்புகோல்களுக்கு நடுவே ஓடிய இரும்புச் சட்டங்கள். பிறகு ரிலேக்கள். இப்போது கம்ப்யூட்டர்.

பாயிண்ட் ‘ஒட்டிக்கொண்டது’ என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்? ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு இரும்புத் துண்டை நகரும் தண்டவாளத்துக்கும் அது ஒட்டும் தண்டவாளத்துக்கும் நடுவே வைத்து மோட்டாரை ஓட்டிப் பார்ப்பார்கள். பாயிண்ட் பூட்டக் கூடாது, சிக்னல் பச்சையாகக் கூடாது. பூட்டிவிட்டால் அந்த மெஷின் பொய் சொல்கிறது என்று பொருள், திருத்தியாக வேண்டும். ஒரு பிரிவில் இருக்கும் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் ஜூனியர் எஞ்சினியரின் வயிற்றுப் பிழைப்பு. வெயில், மழை, ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிகள், அவற்றுக்கு நடுவில் கிடைக்கும் சில நிமிடங்கள். அவர்கள் கையில் இருக்கும் ரிலேக்களும் பிளாக் கருவிகளும் உருவாகும் பட்டறைகளில் ஒன்று போத்தனூரில் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாகப் போகும் பாதை அங்கேதான் போகிறது.

திருச்சி தாண்டிக் காவிரிப் பாலம் ஏறி இறங்கினால் ஸ்ரீரங்கம். கோபுரத்தைப் பார்த்துக் கையெடுக்கும் பயணிகள் யாருக்கும் இந்தச் சின்ன நிலையத்தின் இன்னொரு பெருமை தெரியாது. ரிலேக்களுக்குப் பதிலாக மின்னணுச் சில்லுகளால் இயங்கும் இன்டர்லாக்கிங் இந்தியாவில் முதன்முதலாக 1987-ல் நிறுவப்பட்டது இங்கேதான். ஒரே கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, விடை ஒத்துப்போனால் மட்டுமே சிக்னலை விடுவிக்கும் முறை இது. ஒத்துப்போகவில்லை என்றால், யார் சொன்னது சரி என்று விவாதம் இல்லை. சிவப்பு.

அரியலூரை நெருங்கும்போது வண்டிக்குள் கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்திருப்பது நல்லது. 1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றில் விழுந்தது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த வண்டி திருச்சி, மதுரை, சாத்தூர் தாண்டிக் கோவில்பட்டிக்கு வந்திருக்க வேண்டியது. கரிசல் ஊர்களில் அன்று எத்தனை வீட்டுக்காரர்கள் பிளாட்பாரத்தில் காத்திருந்திருப்பார்கள்! அதே ஆண்டு செப்டம்பரில் மெகபூப்நகரில் பாலம் இடிந்து 112 பேர் இறந்தபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு அவர் மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார், இம்முறை ஏற்கப்பட்டது.

அரியலூர் விபத்து சிக்னல் தவறல்ல. ஆனால் சிக்னல் பொறியாளருக்கு அது தரும் பாடம் பெரிது. அடுத்த நிலையம்வரை வேறு வண்டி இல்லை என்று அந்நாளைய பிளாக் கருவிகள் சொல்லும். ஆற்றின் மேல் பாலம் இருக்கிறதா என்று சொல்லாது. ஒவ்வொரு பாதுகாப்புக் கருவிக்கும் அது பார்க்கும் எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லைக்கு வெளியே வரும் ஆபத்தை வேறு ஆள்தான் பார்க்க வேண்டும். வெள்ளக் காலத்தில் பாலங்களைக் காக்கும் வாட்ச்மேன்களும், தண்டவாளத்தில் நடந்து பார்க்கும் கேங்மேன்களும் அதனால்தான் இன்றும் தேவைப்படுகிறார்கள். அந்த விபத்து நடந்து சரியாக ஓராண்டும் ஒரு நாளும் கழித்து, 1957 நவம்பர் 24-ல் செகந்திராபாத்தில் சிக்னல் கழகம் தொடங்கியது. இரண்டுக்கும் முடிச்சுப் போட ஆதாரம் இல்லை. தேதிகள் மட்டும் அப்படி அமைந்துவிட்டன.

விழுப்புரத்திலிருந்து கடலோரமாக மயிலாடுதுறைக்குப் போகும் பழைய மெயின் லைன் பிரிகிறது. அதில் கடலூரைத் தாண்டியதும் செம்மங்குப்பம். 2025 ஜூலை 8 காலை, 170-ம் எண் கேட்டில், விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் ஒரு பள்ளி வேன் மீது மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். சிக்னலோடு பிணைக்கப்படாத கேட் அது. இப்படிப்பட்ட கேட்டில் நடைமுறை இதுதான்: வண்டி வரும் முன் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார்.

“கேட்டை அடைச்சாச்சா?”

“அடைச்சாச்சு சார். நம்பர் நாற்பத்தேழு.”

அந்த நாற்பத்தேழு என்பது, கேட்கீப்பரிடம் இருக்கும் தாளில் வரிசையாக அச்சடித்த ரகசிய எண்களில் ஒன்று. பிரைவேட் நம்பர் என்பார்கள். எண்ணைச் சொன்னால் கேட் மூடியாகிவிட்டது என்று அர்த்தம். கேட் உண்மையில் மூடியிருக்கிறதா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. செம்மங்குப்பத்தில் கேட் திறந்திருந்தும் எண் கொடுக்கப்பட்டது என்றே ரயில்வே தரப்பு சொன்னது. பிணைக்கப்பட்ட கேட் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். தடுப்பு இறங்கிப் பூட்டாதவரை சிக்னல் சிவப்பிலேயே நிற்கும், வண்டி வெளியே காத்திருக்கும். விபத்துக்குப் பிறகு, எவ்வளவு போக்குவரத்து இருந்தால் ஒரு கேட்டைப் பிணைக்க வேண்டும் என்ற அளவுகோலை 20,000 அலகிலிருந்து 10,000-ஆகக் குறைத்தார்கள். கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையையும் வாகனங்களின் எண்ணிக்கையையும் பெருக்கி வருவது அந்த அலகு. ஆளில்லா கேட்டுகளை அகலப் பாதையில் 2019 ஜனவரிக்குள் ஒழித்த ரயில்வேக்கு இதுவும் முடியும். ஆனால் பள்ளி வேன் போகும் கேட்டுக்குப் போக்குவரத்துக் கணக்கு எதற்கு? அளவுகோலைப் பாராமல் அவற்றை முதலில் பிணைக்கலாம்.

எழும்பூரில் இறங்கி, மறுநாள் மாலை ஹைதராபாத் போகும் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறினால், சென்னையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் கவரைப்பேட்டை வரும். 2024 அக்டோபர் 11 இரவு எட்டரை மணியளவில், மைசூரிலிருந்து தர்பங்கா போய்க்கொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு இங்கே மெயின் லைனில் நேராகப் போகப் பச்சை விழுந்திருந்தது. வண்டியோ லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியின் பின்னால் மோதியது. பெட்டிகள் கவிழ்ந்தன, தீப்பிடித்தது. யாரும் சாகவில்லை. லோகோ பைலட் நொடியில் பிரேக்கைப் பிடித்ததற்கு அதில் பங்கு உண்டு. சிக்னல் ஒன்று, பாதை வேறொன்று என்றவுடன் எல்லோர் விரலும் சிக்னல் பிரிவை நோக்கித்தான் நீண்டது. கடைசியில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, பாயிண்ட்டின் பாகங்களை யாரோ கழற்றியிருந்தார்கள் என்ற முடிவுக்கு வந்ததாக 2025-ல் செய்தி வந்தது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தவறைத் தேடுகிறவர், தவறு நடந்த வீட்டின் சம்பளக்காரராக இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

விரல் அப்படி நீண்டதற்குக் காரணம் இருந்தது. இதே பாதையில் இன்னும் வடக்கே, ஒடிசாவின் பாஹாநகா பஜாரில், 2023 ஜூன் 2 மாலை நடந்ததை யாரும் மறந்திருக்கவில்லை. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பச்சை சிக்னலை நம்பி மணிக்கு 128 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. இரும்புத் தாது ஏற்றிய சரக்கு வண்டியில் மோதிச் சிதறிய பெட்டிகள், எதிர்ப்பக்கம் போன பெங்களூர்–ஹவுரா வண்டியின் வால்பக்கத்தையும் வீழ்த்தின. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆணையரின் அறிக்கை சொன்ன காரணத்தை இந்தத் துறையில் யாரும் அமைதியாகப் படிக்க முடியாது. 2018-ல் அந்த நிலையத்தின் ஒரு சிக்னல் குடிலில் வயரிங்கை மாற்றியபோது தவறு நேர்ந்திருக்கிறது. விபத்து நாளில் 94-ம் எண் கேட்டின் தடுப்பை மாற்றும் வேலையில், அந்தப் பழைய தவறு உயிர் பெற்றது. பாயிண்ட் லூப் பக்கம் இருக்க, மெயின் பக்கம் இருப்பதாகச் சுற்று சொன்னது. மேலே சொன்ன எல்லாப் பூட்டுகளும் அந்த ஒரு பொய்யை உண்மை என்று நம்பிப் பச்சையைக் கொடுத்தன.

முன்னெச்சரிக்கையும் இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 8-ல் கர்நாடகத்தின் ஹோசதுர்கா ரோடு நிலையத்தில், சிக்னல் ஒரு பாதைக்கும் பாயிண்ட் இன்னொரு பாதைக்குமாக இருந்ததை சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸின் லோகோ பைலட் கவனித்து வண்டியை நிறுத்தினார். தென்மேற்கு ரயில்வேயின் முதன்மைத் தலைமை இயக்க அதிகாரி, இது பெரிய விபத்தில் முடியலாம் என்று எழுத்தில் எச்சரித்தார். நான்கு மாதத்தில் பாஹாநகா நடந்தது.

லண்டனில் 1988 டிசம்பர் 12 காலை கிளாப்பம் சந்திப்பில் 35 பேர் இறந்ததும் ஒரு வயரால்தான். சிக்னலைப் புதுப்பிக்கும் வேலையில், கழற்றிய பழைய வயர் ஒன்றை வெட்டாமல், சுற்றிக் கட்டாமல் அப்படியே விட்டிருந்தார் ஒரு டெக்னீஷியன். அது பழைய இடத்தையே போய்த் தொட்டு, சிவப்பாக வேண்டிய சிக்னலைத் தடுத்துவிட்டது. அவர் வேலையை இன்னொருவர் தனியாகச் சரிபார்க்கவில்லை. விசாரித்த ஆந்தனி ஹிட்டன் இன்னொன்றையும் கண்டார். முந்தைய பதின்மூன்று வாரங்களில் அந்த டெக்னீஷியன் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார். சிக்னல் வேலையாட்களின் வேலை நேரத்துக்குப் பிரிட்டனில் கட்டுப்பாடு வந்தது அந்த அறிக்கைக்குப் பிறகு.

கருவி தானாகக் கெட்டால் சிவப்புக்குப் போகும்படி நூற்றைம்பது ஆண்டுகளாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மனிதக் கை உள்ளே போய் வயரைத் தொடும்போது மட்டும் அந்த உத்தரவாதம் விலகுகிறது. அதனால்தான் வேலை தொடங்கும் முன் டி/351 என்ற படிவம். ‘இன்ன கருவியை இத்தனை மணிக்குத் துண்டிக்கிறேன்’ என்று சிக்னல்காரர் எழுதிக் கொடுக்க, ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்திட வேண்டும். முடிந்ததும் சோதித்து, மீண்டும் இணைத்துவிட்டதாக எழுத வேண்டும். ரிலே அறைக் கதவில் இரண்டு பூட்டுகள். ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றொன்று சிக்னல் பராமரிப்பாளரிடம். யாரும் தனியாக நுழைய முடியாது. உள்ளே எந்த ரிலே எந்த நொடியில் விழுந்தது, எழுந்தது என்பதை டேட்டா லாகர் எழுதிக்கொண்டே இருக்கும். பாஹாநகாவுக்குப் பிறகு நாடு முழுக்க இந்த இரட்டைப் பூட்டுகளைச் சோதிக்க உத்தரவு போனது.

‘வண்டி லேட்டாகுது, சீக்கிரம் முடி’ என்று கன்ட்ரோலிலிருந்து போன் வரும்போது, ‘டெஸ்ட் முடியல, தர முடியாது’ என்று சொல்லும் ஜூனியர் எஞ்சினியரின் முதுகெலும்பில்தான் இந்தப் படிவங்களுக்கு உயிர் இருக்கிறது. அவரை மெச்சுகிற மேலதிகாரி வேண்டும். அவர் தூங்குவதற்கு எட்டு மணி நேரமும், கூடச் சரிபார்க்க இன்னொரு ஆளும் வேண்டும்.

விஜயவாடா, காசிப்பேட்டை தாண்டி விடிந்ததும் செகந்திராபாத் வரும். தெலங்கானா இன்று இந்தத் துறையின் சோதனைச்சாலை. 1999-ல் கைசாலில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 280-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கொங்கண் ரயில்வேயில் இருந்த பொஜ்ஜி ராஜாராம் மோதல் தடுப்புக் கருவி ஒன்றை உருவாக்கினார். வேறு வழியில் வளர்ந்த இன்றைய ‘கவச்’ முறையை லக்னோவில் இருக்கும் ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு, இந்திய நிறுவனங்களோடு சேர்ந்து வடித்தது. 2020-ல் அது தேசிய முறையாக ஏற்கப்பட்டது. தண்டவாளத்தில் பதித்த அட்டைகள் எஞ்சினுக்கு இருக்கும் இடத்தைச் சொல்லும். நிலையத்திலிருந்து வானொலி அலையில் சிக்னலின் நிலை வரும். லோகோ பைலட் சிவப்பைத் தாண்டப் பார்த்தால் கருவியே பிரேக் போடும். 2022 மார்ச் 4-ல் குல்லகுடா–சித்கித்தா இடையே, அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் உட்கார்ந்திருந்த எஞ்சினை எதிரே இன்னொரு எஞ்சினோடு ஒரே பாதையில் ஓட்டினார்கள். 380 மீட்டர் இடைவெளியில் அது தானாக நின்றது.

அரக்கோணத்துக்கு அருகே சித்தேரியில் 2011 செப்டம்பர் 13-ல் ஒரு மின்சார ரயில் நின்றிருந்த வண்டியின் பின்னால் மோதிப் பத்துப் பேர் இறந்தார்களே, அந்த மாதிரி விபத்துகளைக் கவச் தடுக்கும். அதனால் அது வேண்டும், வேகமாக வேண்டும். தென்மத்திய ரயில்வேயில் 2024 வரை 1,465 கிலோமீட்டரில் அது வந்திருந்தது. நாட்டின் மொத்தப் பாதை 68,000 கிலோமீட்டருக்கு மேல்.

தார்நாக்காவில் படிக்க வருகிறவர்கள் கவச்சோடு அதன் எல்லையையும் சேர்த்தே படிக்கிறார்கள். நிலையத்தில் உள்ள கவச் கருவி சிக்னலின் நிலையை இன்டர்லாக்கிங்கிடமிருந்துதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. இன்டர்லாக்கிங் பொய் சொன்னால் கவச்சும் அதை நம்பும். 2024 ஜூலையில் ஒப்புதல் பெற்ற கவச் 4.0-ஐப் பொருத்துவதற்கு ஒவ்வொரு நிலையத்தின் ரிலே அறையையும் திறந்து, பழைய சுற்றுகளிலிருந்து புது வயர்கள் இழுக்க வேண்டும். கேட்டுகளைப் பிணைக்கும் வேலையும் அப்படித்தான். அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ரிலே அறைகளில், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு நடுவே, மனிதக் கைகள் வயரைத் தொடப் போகின்றன. மதுரைக் கோட்டத்துக்குத் திரும்பும் இளம் எஞ்சினியருக்குக் கிடைக்கும் முதல் பெரிய வேலை அதுவாகத்தான் இருக்கும். அதற்கு முன் காலிப் பணியிடங்களை நிரப்புவதும், அவசரமில்லாமல் வேலை செய்யப் போதிய நேரம் பாதையை ஒதுக்கித் தருவதும், விபத்து விசாரணை அறிக்கைகளை முழுசாக வெளியிட்டு ஒவ்வொரு டெக்னீஷியனும் தன் மொழியில் படிக்கும்படி செய்வதும் ரயில்வே வாரியத்தின் கையில் இருக்கிறது.